வெறும் ரொட்டி மரக்கறி உணவாகுமா?

ஹல்துமுல்லைப் பகுதியில் இடம்பெயர்ந்து வாழும் ஒரு குடும்பத்தைப் பார்க்கச் சென்றிருந்தோம். பகல் ஒன்றரை மணி இருக்கும். கொழுந்து மலையிலிருந்து வந்திருந்த தாய், காலையில் சுட்டு வைத்த கோதுமை மா ரொட்டியைப் பிள்ளைகளுக்குப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் தேங்காய்ச் சம்பல். கூடவே ஒரு பெரிய கோப்பை நிறையச் சாயத்தண்ணி. எம்மைக் கண்டதும் சற்றுக் கூச்சத்துடன், "இன்னைக்கு வெள்ளிக்கிழமை சாமி, நாங்க சைவம்" என்றார்.

"நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டோம். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "நேத்தும் இதுதான் சாமி" என்று சிரித்தார். நாமும் சிரித்தோம். ஆனால் அந்த வீட்டின் கடைசிப் பிள்ளைக்கு ஐந்து வயது என்று சொன்னபோது எம்மால் நம்ப முடியவில்லை. பார்வைக்கு மூன்று வயதுப் பிள்ளையாகவே இருந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் அந்தத் தாயின் பதில் எம் மனதை விட்டு அகலவில்லை.

இரண்டு தட்டுகள், ஒரே பெயர்

மரக்கறிச் சாப்பாடு என்றும் சைவச் சாப்பாடு என்றும் நாம் சொல்வது உண்மையில் இரண்டு வெவ்வேறு உணவுகளை. ஒன்று, சோற்றோடு பருப்பு, கீரை, காய்கறி, மோர், ஒரு பழம் என்று நிறைந்த உணவு. மற்றது, மீனும் இறைச்சியும் வாங்க வழியில்லாமல் மா, தேங்காய், மிளகாய், உப்பு என்று சுருங்கிப்போன உணவு. இரண்டிலும் இறைச்சி இல்லை. அதனால் இரண்டும் ஒன்றாகிவிடுமா? முதலாவது உடலைக் கட்டி வளர்க்கும். இரண்டாவது பசியை மட்டும் சில மணி நேரம் அடக்கி வைக்கும்.

இறைச்சி கிடைக்காததால்தான் எம்மக்கள் பலவீனமாக இருக்கிறார்கள் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். எமது எண்ணம் வேறு. தட்டில் பயறும் கீரையும் இல்லாததே முதற்காரணம். அவை தட்டுக்கு வராததற்குப் பெரிய காரணம், அவற்றைப் பயிரிட எம்மக்களின் கையில் நிலம் இல்லாதது. மரக்கறி உணவைப் பற்றிப் பேசும்போது நிலத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்ல வருவது.

தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2016ஆம் ஆண்டில் நடத்திய குடித்தொகை, சுகாதார அளவீடு ஓர் உண்மையை வெளிப்படுத்தியது. நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட 100 பிள்ளைகளில் 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். பெருந்தோட்டப் பகுதியில் மட்டும் எடுத்துப் பார்த்தால் இத்தொகை 32. அதாவது, மூன்று பிள்ளைகளில் ஒருவர். இது பரம்பரையால் வருவது என்று சிலர் தட்டிக்கழிப்பார்கள். பிறந்த முதல் இரண்டு ஆண்டுகளில் தாயும் பிள்ளையும் சரியாக உண்ணாவிட்டால் எந்தப் பரம்பரையிலும் பிள்ளை வளராது. அந்த வயதில் இழந்த உயரத்தைப் பின்னர் முழுமையாகத் திருப்பிக் கொடுக்க எந்த மருந்தாலும் முடியாது.

இந்நிலை எப்படி வந்தது?

தோமஸ் லிப்டன் 1890ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களை வாங்கிய காலத்தை நினைத்துப் பாருங்கள். அக்காலம் முதல் இம்மலைகள், உண்ண முடியாத ஒரு பயிருக்காகவே உழைத்து வந்துள்ளன. தேயிலை விற்ற பணத்தில் உணவு வெளியிலிருந்து வரவேண்டும் என்பதே ஏற்பாடு. வருவது நின்றால் என்ன ஆகும் என்பதை 1973, 1974ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில் எம் பெற்றோர் கண்டனர். அரிசியும் மாவும் தட்டுப்பட்ட அந்நாட்களில் நாட்டின் மற்றெந்தப் பகுதியையும்விடத் தோட்டங்களே அதிக உயிர்களைப் பறிகொடுத்தன.

கோதுமை எமது மண்ணில் விளைவதில்லை. ஒவ்வொரு மூட்டையும் கப்பலில் வருவது. ஆயினும் அதிகாலையில் எழுந்து மலைக்கு ஓடவேண்டிய தாய்க்கு ரொட்டியே சுலபம். சுட்டுச் சுருட்டித் துணியில் கட்டிக்கொண்டு போகலாம். பகல் வரை கெடாது. ஆகவே ரொட்டி சுடும் தாயைக் குறைசொல்வது நியாயமல்ல.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்க மாட்டோம். எத்தனையோ உயிர்கள் மண்ணுக்குள் போயின. அந்த மண்ணுக்குள் வேறு சிலவும் போயின. அவற்றை எவரும் கணக்கில் எழுதவில்லை. லயத்துக்குப் பின்னால் இருந்த கீரைப் பாத்தி, வேலியோரத்து முருங்கை, பூசணிக்கொடி, கொட்டிலில் கட்டியிருந்த பசு, நான்கு கோழிகள். உயிர் தப்பியவர்கள் பாடசாலைகளிலும் பின்னர் மக்கல்தெனிய தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கினார்கள். 2016 ஒக்டோபரில் 75 வீடுகள் கையளிக்கப்படும் வரை, ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள், ஒரு பிடி கீரையையும் காசு கொடுத்தே வாங்கவேண்டிய நிலை. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மண் சரிந்தபோது அதே கதை திரும்பியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில் பதுளை மாவட்டம் முழுவதும் மலைகள் சரிந்தன. மீண்டும் பல குடும்பங்கள் பாயும் பானையுமாக வெளியேறின.

இடையில் வந்த பொருளாதார நெருக்கடியை வேறு சொல்லவேண்டும். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது. அதற்குள் விளைச்சல் விழுந்துவிட்டது. 2022 செப்டெம்பரில் உணவுப் பொருட்களின் பணவீக்கம் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 94.9 வீதத்தை எட்டியது. ஒரு வருடத்துக்குமுன் 100 ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறக்குறைய 195 ரூபா. அந்நாட்களில் பல அடுப்புகளில் முதலில் காணாமற்போனது பருப்புச் சட்டி. விலைகள் ஏறும் வேகம் பின்னர் குறைந்தாலும் அந்தச் சட்டி பல வீடுகளில் இன்னும் அடுப்புக்குத் திரும்பவில்லை.

இறைச்சி இல்லாவிட்டால் பலம் இல்லையா?

கடும் உழைப்பாளிக்கு இறைச்சி வேண்டும் என்று நம்புவோர் ஒரு கணக்கைப் பார்க்கட்டும். 100 கிராம் காய்ந்த பயறில் ஏறக்குறைய 24 கிராம் புரதம் உண்டு. கௌபியிலும் மைசூர் பருப்பிலும் ஏறக்குறைய அதே அளவு. ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம். அதாவது, 100 கிராம் பயறு நான்கு முட்டைகளுக்குச் சமமான புரதத்தைத் தருகிறது. சோயாவில் இதைவிடவும் அதிகம். பயறின் புரதம் இறைச்சியின் புரதத்தைவிடச் சற்றுக் குறைவாகவே சீரணமாகும் என்பது உண்மை. ஆனால் அதைச் சோற்றோடு அல்லது ரொட்டியோடு சேர்த்து உண்ணும்போது ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. அரிசியிலும் கோதுமையிலும் குறைவாக உள்ள சத்து பருப்பில் நிறைய உண்டு. பருப்பில் குறைவாக உள்ளது தானியத்தில் உண்டு. மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பருப்பு அல்லது பயறு என்பது நல்ல அளவு.

உலகெங்கும் ஏழை உழவர்கள் இதைப் படிக்காமலே கண்டுபிடித்திருக்கிறார்கள். மெக்சிக்கோவின் உழவர் சோள ரொட்டியோடு அவரையை உண்கிறார். எத்தியோப்பியக் கிறிஸ்தவர்கள் ஆண்டில் பாதிக்குமேற்பட்ட நாட்கள் இறைச்சி, பால், முட்டை எதுவும் தொடாமல் நோன்பிருப்பவர்கள். அந்நாட்களில் தம் தானிய அப்பத்தோடு பருப்பையும் கடலையையும் குழம்பாக்கி உண்கிறார்கள். எங்கள் பாட்டிமார் கஞ்சியில் பயறு போட்டதும் இதே அறிவுதான்.

இன்னும் அருகில் ஓர் உதாரணம் உண்டு. சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் வழங்கப்படும் திரிபோஷாவை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். 1973ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இத்திட்டத்தின் பொதியில் என்ன இருக்கிறது? சோளம், சோயா, பால்மா, அவற்றோடு சில உயிர்ச்சத்துக்களும் கனியுப்புக்களும். மெலிந்த பிள்ளையைத் தேற்ற அரசாங்கம் கொடுக்கும் உணவில் இறைச்சி இல்லை. ஒரு தானியம், ஒரு பருப்பு வகை, கொஞ்சம் பால். இந்த மூன்றையும் எமது அடுப்பில் சேர்த்துவிட்டால் அந்தப் பொதியின் பெரும்பகுதி எமது பானையிலேயே இருக்கும்.

தட்டில் சேரவேண்டியவை

முதலாவது, பயறு வகை. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 300 கிராம் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு ஒன்பது கிலோ. பருப்பு மட்டும் என்றில்லாமல் பயறு, கௌபி, கடலை என்று மாற்றி மாற்றிச் சமைக்கலாம். கொஸ்லந்தையிலிருந்து தியலும நீர்வீழ்ச்சியைத் தாண்டி வெல்லவாய பக்கம் இறங்கினால், சேனைகளில் பயறும் கௌபியும் சோளமும் குரக்கனும் விளைகின்றன. அறுவடைக் காலத்தில் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு மூட்டையாக வாங்கினால் கடையில் கிராம் கணக்கில் வாங்குவதைவிட மலிவு. சங்கம் சேர்ந்து செய்யவேண்டிய வேலை இது.

நிலமே இல்லாமல் தொழிற்சாலை அறையில் தங்கியிருப்பவர்களும் செய்யக்கூடிய ஒன்று உண்டு. பயறை இரவு ஊறவைத்து, தண்ணீரை வடித்து, ஈரத் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். ஒன்றிரண்டு நாளில் முளைவிடும். முளைவிட்ட பயறில் காய்ந்த பயறில் இல்லாத உயிர்ச்சத்து சி உண்டாகிறது. இரும்புச் சத்தும் உடலில் எளிதாகச் சேர்கிறது. முகாமில் நன்கு வேகவைத்தே உண்பது பாதுகாப்பு.

இரண்டாவது, கீரை. பொன்னாங்காணி, வல்லாரை, முளைக்கீரை, அகத்தி, பூசணிக் கொழுந்து, முருங்கையிலை. முருங்கைக்குக் குளிர் ஆகாது. உயரமான தோட்டங்களில் அது தழைக்காது. கீழ்ப்பகுதிகளில் நன்கு வளரும். மேலே இருப்பவர்களுக்கு மற்றைய கீரைகள் உண்டு. ஒரு கைப்பிடி கீரையை நறுக்கி ரொட்டி மாவோடு பிசைந்து சுட்டால் நேரமும் மிச்சம், பிள்ளைகளும் உண்பார்கள். கோதுமை மாவில் பாதியைக் குறைத்துக் குரக்கன் மா சேருங்கள். 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டு. அரிசியில் அதன் பத்திலொரு பங்குகூட இல்லை.

மூன்றாவது, புளிப்பு. கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் இலகுவில் ஏற்பதில்லை. ஒரு துண்டு தேசிக்காய், நெல்லிக்காய், கொய்யா, பப்பாசி ஆகியவற்றில் ஒன்று அதே சாப்பாட்டில் சேர்ந்தால் ஏற்கும் அளவு உயர்கிறது. வல்லாரைச் சம்பலில் தேசிக்காய் பிழியும் வழக்கம் சுவைக்காக மட்டும் வந்ததல்ல.

நான்காவது, பால். பி12 என்னும் உயிர்ச்சத்து செடிகொடிகளில் கிடையாது. அது குறைந்தால் இரத்தமும் நரம்புகளும் பாதிக்கப்படும். பாலும் தயிரும் முட்டையும் அதைத் தருகின்றன. முட்டை உண்பவர்கள் பிள்ளைகளுக்காவது கொடுங்கள். பாலும் முட்டையும் தொடாதவர்கள் வைத்தியரைக் கேட்டு பி12 மாத்திரை எடுப்பது அவசியம். இங்கே ஒரு வேதனையைச் சொல்லவேண்டும். பசு வைத்திருக்கும் வீடுகளில் பால் முழுவதும் காலையில் சேகரிப்பு நிலையத்துக்குப் போய்விடுகிறது. வீட்டுப் பிள்ளை சாயத்தண்ணி குடிக்கிறது. காய்கறிச் செய்கையிலும் இதுவே நடக்கிறது. வெலிமடைப் பக்கம் கரட்டும் லீக்ஸும் போஞ்சியும் லொறியேறுகின்றன. பயிரிட்டவர் வீட்டில் சம்பல். கடன் இருக்கிறது, விற்காமல் முடியாது என்பதை அறிவோம். ஆயினும் ஒரு கோப்பைப் பாலும் ஒரு கூறு காய்கறியும் முதலில் வீட்டுக்கு என்று ஒதுக்கிவிட்டு மிகுதியை விற்கும் பழக்கம் வேண்டும்.

தேநீரைப் பற்றி ஒரு வார்த்தை

உலகத்துக்குத் தேநீர் கொடுக்கும் மக்களிடம் தேநீரைப் பற்றிக் குறை சொல்வது எமக்குச் சங்கடமாகவே இருக்கிறது. ஆனால் சொல்லவேண்டும். தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள், சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும்போது, மரக்கறி உணவிலுள்ள இரும்புச் சத்தில் பாதிக்கு மேலானதை உடலில் சேரவிடாமல் தடுக்கிறது. மீனோ இறைச்சியோ உண்பவர்களுக்கு இரும்புச் சத்து வேறு வழியிலும் கிடைக்கும். மரக்கறி மட்டும் உண்பவர்களுக்கு இந்த இழப்பு பெரியது. மலையேறும்போது மூச்சு வாங்குதல், தலைச்சுற்று, வெளிறிய நகம், பிள்ளைப்பேற்றின்போது ஆபத்து ஆகியவற்றுக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது இந்த இரத்தக் குறைவு.

தேநீரை விடச் சொல்லவில்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். கர்ப்பிணிகளுக்குச் சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் இரும்புச் சத்து மாத்திரையைத் தேசிக்காய்த் தண்ணீரோடு எடுங்கள். தேநீரோடு எடுக்கவே வேண்டாம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குச் சாயத்தண்ணி தேவையே இல்லை. இந்த மாற்றத்துக்கு ஒரு சதம் செலவில்லை.

விரதமும் வறுமையும்

எமது மக்களில் இந்துக்கள் வெள்ளிக்கிழமையிலும் கந்தசஷ்டியிலும், கத்தோலிக்கர் தவக்காலத்திலும் மச்சம் மாமிசம் விலக்குகின்றனர். விவிலியத்தில் தானியேலும் தோழர்களும் அரச உணவை மறுத்துப் பத்து நாட்கள் மரக்கறியும் தண்ணீரும் மட்டும் உண்டு, மற்றவர்களைவிட நல்ல உடல்நலத்தோடு விளங்கினார்கள் என்ற வரலாறு உண்டு. விரதம் அழகானது. ஆனால் விரதம் என்பது இருப்பதை விரும்பி விடுவது. இல்லாததை விடமுடியாது. வருடம் முழுவதும் பட்டினியின் ஓரத்தில் நிற்பவரிடம் போய் மரக்கறி உணவின் புனிதத்தைப் பேசுவது எமக்கு அழகல்ல. முதலில் அந்தத் தட்டு நிறையவேண்டும். அதன்பின் அவர் விரும்பினால் மரக்கறி உண்ணட்டும், விரும்பினால் நெத்தலிக் கருவாடும் சேர்த்துக்கொள்ளட்டும். அது அவர் உரிமை.

வீட்டுக்குள்ளும் ஒரு நீதி வேண்டும். கணவருக்கு முதலில், பிள்ளைகளுக்குப் பின்னர், பானையில் ஒட்டியிருப்பது தாய்க்கு என்ற வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. நாள் முழுவதும் கூடை சுமந்த உடலுக்கு அடிச்சட்டிப் பருப்பா? கர்ப்பிணித் தாய்க்கும் பாலூட்டும் தாய்க்கும் முதல் அகப்பை. ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு வெறும் கஞ்சித்தண்ணீர் போதாது. குழைந்த சோறு, பருப்பு, மசித்த கீரை, ஒரு கரண்டி தேங்காய்ப்பால். ஆண்கள் கூடும் இடங்களில் இதை நாம் துணிந்து பேசவேண்டும்.

வீடு என்றால் தோட்டமும்தான்

2015க்குப் பின் மலையக வீடமைப்புத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி என்ற அளவு வழக்கத்துக்கு வந்தது. பின்னர் பத்துப் பேர்ச் என்ற திட்டங்களும் வந்தன. ஏழு பேர்ச் என்றால் ஏறக்குறைய 1,900 சதுர அடி. வீடு 550 சதுர அடி. பாதையும் மலசலகூடமும் போக எஞ்சுவது ஆயிரம் சதுர அடிக்குச் சற்றுக் கூடக்குறைய. சிறியதுதான், ஆனால் ஒன்றுமில்லாதது அல்ல. முளைக்கீரை ஒரு மாதத்தில் பறிக்கலாம். வேலியில் போஞ்சி, மூலையில் பப்பாசி, ஓரத்தில் அகத்தி, கழுவும் தண்ணீர் ஓடும் பக்கம் வல்லாரை. இடம் கிடைத்தால் ஒரு பலாக் கன்று. பாணந்துறையைச் சேர்ந்த ஆதர் வி. டயஸ் கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் நாடெங்கும் பலா நடும் இயக்கத்தை நடத்தி, சிங்கள மக்களால் 'கொஸ் மாமா' என்று அன்போடு அழைக்கப்பட்டார். அப்படி நட்டு வளர்த்த மரங்கள் பல பஞ்சங்களில் பல வயிறுகளை நிரப்பியிருக்கின்றன. பலாக்காய் சோற்றுக்கு ஈடு. பலாக்கொட்டை கறிக்கு ஈடு.

ஒரு எச்சரிக்கை. மலைச்சரிவில் தோட்டம் போடுவோர் மண்ணை மேலிருந்து கீழாகக் கொத்தக்கூடாது. சரிவுக்குக் குறுக்கே பாத்தி அமைத்து, விளிம்பில் கிளிரிசிடியா போன்ற செடிகளை வேலியாக நடவேண்டும். வீட்டுக் கழிவுநீர் மேட்டில் தேங்கி ஊறாமல் வாய்க்கால் வெட்டவேண்டும். நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு தென்பட்டால் கீரையை மறந்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள். உடனே கிராம அலுவலருக்கு அறிவியுங்கள். மீரியபெத்தையைப் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை வந்தும் மக்களுக்குப் போக இடம் கொடுக்கப்படவில்லை. இந்தப் பாடத்துக்கு நாம் கொடுத்த விலை மிகப் பெரியது.

ஆகவே, மீள்குடியேற்றம் செய்பவர்களிடம் நாம் மூன்றைக் கேட்கிறோம். ஒன்று, காணியை அளக்கும்போது சுவர் நிற்கும் இடத்தை மட்டும் அளக்காமல் கீரை முளைக்கும் இடத்தையும் அளந்து, உறுதிப் பத்திரத்தோடு கொடுங்கள். தன் பெயரில் இல்லாத மண்ணில் எவரும் பலா நடமாட்டார். இரண்டு, நிவாரணப் பொதியில் மாவோடும் சீனியோடும் நின்றுவிடாமல் பயறு, கௌபி, ஒரு பொட்டலம் கீரை விதை சேருங்கள். மூன்று, இழப்பீட்டுக் கணக்கில் பசுவையும் தோட்டத்தையும் எழுதுங்கள்.

இதைச் சொல்லும் நாமும் குற்றமற்றவர்கள் அல்ல. அனர்த்த காலங்களில் பிஸ்கட்டும் நூடில்ஸும் சீனியும் எமது கைகளாலும் வழங்கப்பட்டன. கொடுக்கச் சுலபம், கெடாது, வரிசையில் நிற்பவர்களுக்கு உடனே கொடுத்து முடிக்கலாம். முதல் மூன்று நாட்களுக்கு அது சரி. மூன்று மாதங்களுக்குப் பிறகும் அதையே கொடுத்துக்கொண்டிருந்தது சரியல்ல. ஒரு விதைப் பொட்டலத்தின் விலை ஒரு பிஸ்கட் பொதியை விட அதிகமில்லை என்பதை நாம் பிந்தியே உணர்ந்தோம்.

சில மாதங்களின் பின் அந்தத் தாயின் வீட்டுக்கு மீண்டும் போனோம். அவர்களுக்கு இன்னும் காணி கிடைக்கவில்லை. வாசலில் மூன்று அரிசிச் சாக்குகளில் மண் நிரப்பி, பொன்னாங்காணியும் முளைக்கீரையும் வளர்த்திருந்தார். அன்றும் ரொட்டிதான், ஆனால் ரொட்டி பச்சையாக இருந்தது. பக்கத்தில் ஒரு கிண்ணம் அவித்த பயறு. "இன்னைக்கு வியாழக்கிழமை சாமி, ஆனாலும் சைவந்தான்" என்றார். எமக்குத் தேநீர் ஊற்றியவர் பிள்ளைகளுக்கு ஊற்றவில்லை. "அதுகளுக்கு வேணாம்னு நீங்கதானே சொன்னீங்க" என்றார்.

அந்தத் தாய் தம்மால் செய்யக்கூடியதைச் செய்துவிட்டார். சாக்கிலுள்ள அந்த மண்ணைத் தன் பெயரிலுள்ள நிலத்தில் அவர் கொட்டிப் பரப்பும் நாள் வரவேண்டும். அதற்காகக் குரல் கொடுப்பது அவருடைய வேலை மட்டுமல்ல, எம் எல்லோருடைய வேலையும்கூட.